உலைக்கு வேலையே இல்லாத கொல்லன்

ஸ்கைரிம்னு ஒரு மாயமந்திர வீடியோ கேம், வந்தது 2011 நவம்பர்ல, நான் இன்னமும் அதைத்தான் வெளாண்டுக்கிட்டு இருக்கேன், சிரிக்கிறவங்க சிரிச்சிட்டு வாங்க. போன வாரம் புதுசா ஒரு ஆளை ஆரம்பிச்சு கேம்ல வர்ற ரிவர்வுட் ஊர்ல ஆல்வார்ங்கிற கொல்லனோட பட்டறையில நின்னு இரும்புக் கத்தியா செஞ்சு தள்ளிட்டு இருந்தேன். ஒரு இரும்புக் கட்டி, ஒரு தோல் வாரு, ஒரு அமுக்கு, கத்தி ரெடி. திரும்ப ஒரு அமுக்கு. நாப்பதாவது கத்தியில எனக்கே என் மேல எரிச்சல் வந்து மூடி வச்சிட்டேன்.

இந்தக் கத்திக் கதை பழசு, வெளாண்டவங்களுக்குத் தெரியும். முதல்ல எதைச் செஞ்சாலும் கொல்லு வேலை ஸ்கில் ஒரே மாதிரி ஏறும், அதனால எல்லாரும் கத்தியா அடிச்சுக் குவிச்சாய்ங்க. 2012ல 1.5 அப்டேட்ல செய்யுற பொருளோட வெலைக்குத் தக்கன ஏறும்னு மாத்துனாங்க, உடனே நம்ம ஜனம் கத்தியை விட்டுட்டு தங்க மோதிரத்துக்குத் தாவிருச்சு. இரும்புக் கொல்லன் லெவல் ஏறணும்னா தட்டான் வேலை பாக்கணும். இதுக்குப் பேரு திருத்தமாம்.

எனக்கு இது ஏன் இப்ப திடீர்னு உறுத்துதுன்னா, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி மாப்ள ஒருத்தன் தோப்புக்கு அருவா வேணும்னு சொல்லி ரெண்டு பேரும் வண்டியில திருப்பாச்சேத்தி போனோம். மதுரையில இருந்து சிலைமான், திருப்புவனம் தாண்டி மானாமதுரை ரோட்டுல வரும், அருவாளுக்குப் பேர் போன ஊருன்னு உங்களுக்குச் சொல்லணுமா என்ன. பட்டறைக்குள்ள நுழைஞ்சா கண்ணே தெரியல. உச்சி வெயில் நேரம், உள்ள மட்டும் ராத்திரி மாதிரி. "ஏண்ணே, ஒரு லைட்டு போட்டா என்ன"ன்னு கேட்டேன். ஆசாரி திரும்பிக்கூடப் பாக்கல. "வெளிச்சத்துல நெறம் தெரியாது தம்பி, பழுத்துச்சா இல்லையான்னு எதை வச்சுப் பாக்குறது"ன்னாரு.

அவ்ளோதான். அந்த ஒரு பதிலு, நான் இத்தனை வருசமா வெளாண்ட அத்தனை கேம்லயும் இல்ல. எல்லா கேம்லயும் உலை எரியுது, பொறி பறக்குது, பாக்க அம்புட்டு அழகு, ஆனா அந்த நெருப்புக்கு ஒரு வேலையும் கிடையாது. கல்யாண வீட்டு சீரியல் லைட்டு மாதிரி. கொல்லு வேலையில பாதிக்கு மேல சூட்டைப் பாக்குற கண்ணு, அதைத் தூக்கிட்டு மிச்சத்தை மட்டும் ஸ்கில்லுன்னு வச்சா அது நூறு ஆனா என்ன, ஆயிரம் ஆனா என்ன.

நான் செஞ்சா எப்படிச் செய்வேன்னு அன்னைல இருந்து மனசுக்குள்ளயே ஓடிட்டு இருக்கு. மொதல்ல நெறம். இரும்பு மங்குன செவப்புல ஆரம்பிச்சு, நல்ல செவப்பு, கனகாம்பர நெறம், எலுமிச்சம்பழ நெறம்னு ஏறிட்டே போகட்டும், அதுக்கு மேல விட்டா மத்தாப்பு மாதிரி பொறி விட்டு இரும்பே கருகிரும், அந்தத் துண்டு குப்பைக்குத்தான். மீட்டர், பச்சைக் கோடு எதுவும் திரையில வேணாம், நாமளே பாத்து எடுக்கணும். பகல்ல திறந்த தாழ்வாரத்துல அடிச்சா நெறம் மங்கலா தெரியணும், சாயங்காலம் அடிச்சா தெளிவா தெரியணும். ஸ்கைரிம்ல முக்கால்வாசி உலை வெளியிலதான் இருக்கு, ராப்பகலும் மாறுது, இதுக்குன்னே கட்டி வச்ச மாதிரி இருக்குல்ல? கண்ணு பழகாத புது ஆளுக்கு ஒரு பெர்க் (லெவல் ஏறுனா கிடைக்குற தனிச் சலுகை) குடுக்கலாம், காந்தக்கல். 770 டிகிரி வாக்குல இரும்பு காந்தத்துல ஒட்டாது, அதுக்குக் கொஞ்சம் மேல போனா உருக்கைத் தண்ணியில முக்க ஏத்த சூடு. இருவதாவது லெவல்ல அந்தக் கல்லு கைக்கு வரட்டும், அம்பதுக்கு மேல அது தேவையில்லாமப் போகட்டும். ஸ்கில் ஏறுறதுன்னா இதுதானே.

அப்புறம் தண்ணியில தோய்க்கிறது. இதை எழுதும்போதே எனக்குக் கை பரபரங்குது. ஆசாரி லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்ச அருவாளை முழுசா முக்கல, வாய்ப் பக்கம் மட்டும் முக்கி எடுத்து, கல்லுல ரெண்டு தேய் தேய்ச்சு, சும்மா பாத்துக்கிட்டே நின்னாரு. முதுகுல இருந்த சூடு மெதுவா வாய்க்கு எறங்குது, பளபளன்னு இருந்த இரும்புல மொதல்ல வைக்கோல் நெறம் ஓடுது, அப்புறம் பழுப்பு, பின்னாலயே நீலம் வருது. டக்குனு திரும்ப முக்கிட்டாரு. வைக்கோல் நெறம்னா 230 டிகிரி வாக்குல, வாய் நல்லா கூர் நிக்கும் ஆனா தெறிக்கும். நீலம்னா 300 கிட்ட, அடி தாங்கும் ஆனா சீக்கிரம் மழுங்கும். எந்த இடத்துல நிறுத்தணும்கிறதுக்குத்தான் ஆரம்பத்துலயே எங்கள்ட்ட கேட்டாரு, "எதுக்கு அருவா? வாழைத்தாருக்கா, தேங்காய்க்கா, கருவேலத்துக்கா?" மாப்ள பேந்தப் பேந்த முழிச்சான்.

அந்தக் கேள்விதான் கேம்ல அடுத்து வரணும். எவனும் எதுக்குன்னு கேக்க மாட்டேங்குறான்! கரடி வேட்டைக்குப் போறவனுக்கும் விறகு வெட்டுறவனுக்கும் ஒரே கோடாலி. ஊர்க்காரன் வந்து ஆர்டர் குடுக்கணும், பத்து நாள் கழிச்சு முனை மடங்கிருச்சுன்னு தூக்கிட்டு வரணும், நாலு பேருகிட்ட "அந்தப் பட்டறைக்குப் போயிறாத"ன்னு சொல்லவும் சொல்லணும். நம்ம ஊருப் பட்டறையெல்லாம் வாளு செஞ்சா பொழைச்சுச்சு? கொழு காய்ச்சி அடிச்சு, மம்பட்டிக்கு வாய் போட்டு, கதிரருவாளுக்குக் கருக்கு வெட்டித்தான் அடுப்பு எரிஞ்சுச்சு. (கருப்புசாமிக்கு நேர்த்திக்கடனா ஆளு ஒசரத்துக்கு மேல அருவா செய்வாங்கள்ல, அப்படி ஒன்னு கேம்ல இருந்தா எப்படி இருக்கும்! சண்டைக்கு ஆகாது, தூக்கவே முடியாது, சாமிக்கு மட்டும்.)

மத்த கேம்ல இல்லையான்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். 2025ல வந்த கிங்டம் கம்ங்கிற கேமோட ரெண்டாம் பாகம் கிட்ட வந்துருச்சு, காய்ச்சி, திருப்பித் திருப்பி அடிச்சு, கடைசில முக்கணும். மாயமந்திரக் கதை இல்லைன்னாலும் அவய்ங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா இருவதாவது வாளுக்கு அதுவும் சலிச்சிருது, ஒத்துக்குறேன். அதுக்கும் வழி இருக்கு. ஒரு பொருளை நம்ம கையால அஞ்சு தடவ செய்யணும், அதுல சிறந்தது எந்தத் தரமோ அந்தத் தரத்துக்கு ஒரு படி கம்மியா, பட்டறையில கூட இருக்குற எடுபிடிப் பையன் செஞ்சு குடுக்கணும். நல்லதா வேணும்னா நீயே எறங்கி அடி.

கடைசி லெவல் பெர்க்கைப் பத்திச் சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது. ஸ்கைரிம்ல ஸ்கில் 90ல டீட்ராங்கிற கவசம் செய்யலாம், 100ல டிராகன் எலும்புக் கவசம், அதுல பாருங்க மார்க்கவசத்தோட அடி தாங்குற புள்ளி டீட்ராவுக்குத்தான் 49, டிராகனுக்கு 46. நூறைத் தொட்டவனுக்குக் கம்மி! அந்த எலும்பைக் கடாசிட்டு அங்க நம்ம உருக்கை வைங்கப்பா. நொய்யல் கரையில இருக்குற பழங்கால ஊரு கொடுமணல்ல தோண்டி எடுத்த உலை எல்லாம் சும்மா இல்ல. இரும்பையும் கொஞ்சம் மரத்துண்டு, இலையையும் மண் குகையில (உருக்குற மண் பாத்திரம்) போட்டு மூடி, மணிக்கணக்குல ஊதி, மெதுவா ஆற விட்டா வர்ற உருக்கு அது. கரிச்சத்து ஒன்றரை சதவீதம் வாக்குல இருக்குறதால ரொம்பக் காய்ச்சி அடிச்சா ரஸ்க் மாதிரி உதுந்து போகும், வெள்ளைக்காரக் கொல்லர்கள் பலபேரு அதுலதான் கோட்டை விட்டாங்க. மின்சாரத்துக்குப் பேர்போன ஃபாரடேகூட 1820 வாக்குல இதை ஆராய்ச்சி பண்ணிட்டுக் கெடந்தவரு, அவங்கப்பாவும் கொல்லர்தான். எலுமிச்சை நெறம் வரைக்கும் போய்ப் பழகுன கை, இங்க மட்டும் நல்ல செவப்புலயே நிறுத்தி, பொறுமையா, நாலு மடங்கு நேரம் அடிக்கணும். நூறாவது லெவல்னா அது.

மோட் (கேமை நம்ம இஷ்டத்துக்கு மாத்துற கூடுதல் ஃபைலு) செய்யுற தம்பி ஒருத்தன்கிட்ட இதெல்லாம் சொன்னேன், "நெறம் மாறுறதை வீடியோவா குடுண்ணே, முயற்சி பண்றேன்"னுருக்கான். ஞாயித்துக்கெழம திரும்பத் திருப்பாச்சேத்தி போறேன். நல்ல கேமரா போன் வச்சிருக்குற யாராச்சும் கூட வர்றீங்களா? என் போன்ல எடுத்தா எல்லா நெறமும் வெள்ளையாத்தான் விழுது.