மழைக்காலத்துக்கு இது சரிவராது

தோல் பையில் மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கச் சொல்கிறது பைப் பராமரிப்பு பற்றிய ஒரு கட்டுரை. சென்னையில் அப்படிச் செய்தால் கார்த்திகைக்குள் பூஞ்சை பூத்துவிடும். தோலும் மூச்சுவிட வேண்டும். கவருக்குள் ஈரம் அடைபட்டுப் போகும். பழைய பருத்தித் தலையணை உறையே போதும். உள்ளே வெள்ளைத் தாளைக் கசக்கித் திணியுங்கள், செய்தித்தாள் மை உட்துணியில் ஒட்டும். புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, சிலிக்கா ஜெல் பொட்டலம், அதையும் போட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய் தோலைக் கறுக்க வைக்கும், நாளானால் சிக்கு வாடையும் அடிக்கும். தோலுக்கென்றே விற்கும் கிரீமைத் துணியில் துளி எடுத்துத் தடவினால் போதும்.

மழையில் நனைந்துவிட்டால் ஒற்றியெடுத்து ஃபேன் காற்றில் விடுங்கள். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் விறைத்து வெடித்துவிடும். பூஞ்சையை மட்டும் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைப்பது நல்லது, இல்லாவிட்டால் பக்கத்துப் பைக்கும் பரவும்.

அப்புறம், மேல்பூச்சு செதில் செதிலாக உரிகிறதா? அது பெரும்பாலும் தோலே இல்லை, ரெக்சின் அல்லது பி.யூ. எனும் செயற்கைத் தோல். அதற்கு எந்த கிரீமும் உதவாது. சென்னையில் தோல் பொருள் கடைகள் உள்ள பெரியமேட்டுப் பக்கம் வாங்கப் போகிறவர்கள் வெட்டு விளிம்பைப் பாருங்கள்: துணி நூல் தெரிந்தால் அது செயற்கைதான், விலையைப் பாதியாகக் கேளுங்கள்.