படப்புள்ளி கூடினால் துல்லியம் கூடிவிடாது

“256×256 மூளை எம்ஆர்ஐ படத்தை மென்பொருளில் 512×512 ஆக்கினால் துல்லியம் இரட்டிப்பாகும், முன்பு தெரியாத சிறு கட்டியும் தெரியும்” என்று எழுதியிருக்கிறீர்கள். படம் வழவழப்பாகத் தெரியும் என்பது சரி. மற்றது தவறு.

எம்ஆர்ஐ கருவி கேமரா மாதிரி நேரடியாகப் படம் பிடிப்பதில்லை. அது அளப்பது இட அதிர்வெண்களை, அதாவது படத்தில் வெளிச்சமும் இருளும் எவ்வளவு நெருக்கமாக மாறிமாறி வருகின்றன என்பதை. அந்தத் தரவுவெளிக்கு கே-ஸ்பேஸ் என்று பெயர். அந்த அதிர்வெண்களைச் சேர்த்துப் படமாக்கும் கணக்கான தலைகீழ் ஃபூரியே உருமாற்றம் செய்த பிறகுதான் படம் வரும். நுண்ணிய விவரங்கள் கே-ஸ்பேஸின் ஓரங்களில் இருக்கின்றன. நீங்கள் சொல்லும் முறை, அளக்காத அந்த ஓரங்களைச் சுழியால் (பூஜ்ஜியத்தால்) நிரப்புகிறது, அவ்வளவுதான். சுழியிலிருந்து கட்டி எப்படி முளைக்கும்?

240 மி.மீ. அகலத்தை 256 புள்ளிகளாக அளந்தால் ஒரு புள்ளி சுமார் 0.94 மி.மீ. பெரிதாக்கியபின் திரையில் 0.47 என்று காட்டும். உண்மையான பிரிதிறன், அதாவது அருகருகே உள்ளவற்றைத் தனித்தனியாகக் காட்டும் திறன், பழைய 0.94தான். இன்னொன்று, கூர்மையான விளிம்புகளை ஒட்டி வரும் கிப்ஸ் வளையங்கள் என்னும் பொய்க் கோடுகள் பெரிதாக்கிய படத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். அதையே “புது விவரம்” என்று நம்பிவிடும் ஆபத்தும் உண்டு.

ஒரு சின்னப் பயன் இருக்கிறது: இரு புள்ளிகளுக்கு நடுவே விழுந்த மெல்லிய ரத்தக்குழாய் சற்றுத் தொடர்ச்சியாகத் தெரியலாம். ஆனால் அதுவும் ஏற்கெனவே அளந்த தரவில் இருந்ததுதான்.