செத்துப்போன அப்பாவுக்கு ஓடிபி அனுப்பும் நகராட்சி

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. வீட்டு வரியில் அவர் பெயரை எடுத்துவிட்டு அம்மா பெயரைப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. "எல்லாம் ஆன்லைன்லயே பண்ணிக்கலாம் சார்" என்று கவுன்டரில் சொன்னபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்து வரி விதிப்பு எண்ணை அடித்தால், ஓடிபி அப்பாவின் நம்பருக்குப் போகிறது. அந்த சிம் எப்போதோ செத்துவிட்டது. சரி, நம்பரை மாற்றலாம் என்றால் அதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி! இறந்தவர் பெயரை நீக்க இறந்தவரிடமே அனுமதி கேட்கும் ஏற்பாட்டை யோசித்த புண்ணியவான் யாரய்யா?

நேரில் மனு கொடுத்து நம்பரை மாற்றவே ஒரு வாரம். அப்புறம் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், வரி ரசீதில் முன்னால், இறப்புச் சான்றிதழில் அதுவே விரிந்து தாத்தாவின் முழுப்பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று கவுன்டரில் இருப்பவருக்கும் தெரியும். ஆனால் "சிஸ்டம் எடுக்கல சார்." நமக்கெல்லாம் இனிஷியல்தான், குடும்பப்பெயர் கிடையாது என்பதுகூடத் தெரியாமலா தமிழ்நாட்டுக்கு மென்பொருள் எழுதினார்கள்?

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வயிறு எரிந்தது வாரிசுச் சான்றிதழில்தான். இ-சேவை மையத்தில் கேன் நம்பர் (விண்ணப்பிப்பவருக்கான பதிவு எண்) போட்டு, 60 ரூபாய் கட்டி, விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று படியேறி வந்த சான்றிதழ். தாசில்தாரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, கியூஆர் கோடு இருக்கிறது. "மை கையெழுத்து இல்லையே, கெசட்டட் ஆபீசர்கிட்ட பச்சை மையில அட்டெஸ்ட் வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள் நகராட்சியில். டிஜிட்டல் கையொப்பம் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-லேயே சொல்லிவிட்டது. போனை எடுத்து ஸ்கேன் செய்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மாட்டார்கள். ஆடிட்டில் காகிதம் கேட்பார்களாம்.

அந்த ஊழியரைத் திட்டவும் மனசு வரவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றியதையே திரும்ப ரிஜிஸ்டரில் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார் பாவம். பழைய வேலையில் ஒரு துளி குறையவில்லை, அதன் தலையில் புதிதாக ஒரு கம்ப்யூட்டரை ஏற்றி வைத்திருக்கிறார்கள். நமக்கும் அதே கதைதான்: அப்லோடும் செய்ய வேண்டும், மூன்று செட் ஜெராக்ஸும் கொடுக்க வேண்டும்.

இதற்கிடையில் அரையாண்டு வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் மட்டும் சரியாக வந்துவிட்டது, அப்பா பெயருக்கு. அதைக் கட்ட ஓடிபி எதுவும் கேட்கவில்லை.