ரீபெயிண்ட் பண்ண வெலாசிராப்டர்: போட்டோவ பாத்து மார்க் போடாதீங்க

ரீபெயிண்ட்னு சொன்னாலே நம்ம டைனோசர் பொம்மை கலெக்டர்ஸ் ரெண்டு கட்சியா பிரிஞ்சிடறாங்க. கம்பெனி பெயிண்ட தொட்டாலே அந்த பீஸோட மதிப்பு போச்சுன்னு ஒரு கட்சி, கலர் எவ்ளோ தூக்கலா இருக்கோ அவ்ளோ சூப்பர்னு ஹார்ட் போடற கட்சி இன்னொண்ணு. பொம்மைய கையில எடுத்து மடக்கிப் பாத்து பேசறவங்க ரொம்ப கம்மி, அதுதான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. ரீபெயிண்ட பத்தி பேசணும்னா ரெண்டே கேள்விதான் முக்கியம்னு நான் நினைக்கறேன். ஜாயின்ட்ட அசைச்சா பெயிண்ட் நிக்குதா? அந்த நிறத்துக்கு ஏதாவது காரணம் இருக்கா?

இப்ப என் டேபிள் மேல நிக்கறது பீஸ்ட்ஸ் ஆஃப் த மெசோசோயிக்ங்கற பொம்மை வரிசையோட ராப்டர் (கால்ல அரிவாள் நகம் இருக்கற வேட்டை டைனோசர்) சீரிஸ்ல வந்த வெலாசிராப்டர் மங்கோலியென்சிஸ், 1/6 ஸ்கேல், அதாவது நிஜ அளவுல ஆறுல ஒரு பங்கு. ஒரு கஸ்டம் பெயிண்டர் ஃபேக்டரி கலர் மேலயே முழுசா திரும்ப பெயிண்ட் பண்ணி வித்தாரு, ஒரு கலெக்டர் கைமாறி என்கிட்ட வந்துச்சு. இந்த சீரிஸ் தெரியாதவங்களுக்காக சொல்றேன், நெகாங்கற பொம்மை கம்பெனிக்கு சிற்பம் செஞ்சுட்டிருந்த டேவிட் சில்வா 2016ல கிக்ஸ்டார்ட்டர்ல (மக்கள்கிட்ட முன்பணம் திரட்டற வெப்சைட்) ஆரம்பிச்சது இது. பல ராப்டர் இனங்களுக்கு உடம்பு பாகங்கள் பொதுவா இருக்கும், தலை, இறகு மாதிரி சிலது மாறும், மத்த வித்தியாசத்தை எல்லாம் பெயிண்ட்தான் தூக்கி சுமக்கும். அந்த கலர்களையும் சும்மா போடல, இன்னைக்கு இருக்கற பறவைகளைப் பாத்து எடுத்தது. மோல்டு வெட்டறதுதான் பெரிய செலவு, ஒரே மோல்டை வேற கலர்ல விடறது எல்லா பொம்மை கம்பெனியும் செய்யறதுதான், அதை ஏமாத்து வேலைன்னு சொல்றது நியாயமே இல்ல. பெயிண்ட்லயே ஒரு புது மிருகத்தை கொண்டு வர முடியும்னு இந்த சீரிஸ பாத்தாலே புரியும்.

சரி, நிறத்துக்கு வருவோம், ஏன்னா இங்கதான் விஷயமே இருக்கு. டைனோசர் கலர் யாருக்கு தெரியும், என்ன வேணா அடிக்கலாம்னு இன்னமும் சொல்றாங்க. 2010லயே அந்த பேச்சு முடிஞ்சு போச்சு. இறகு ஃபாசில்ல மெலனோசோம்னு ரொம்ப நுண்ணிய நிறப்பைகள் மிஞ்சி இருக்கு, நீளமா இருந்தா கருப்பு சாயல், உருண்டையா இருந்தா செம்பழுப்பு, இதை வெச்சு சைனோசாரோப்டெரிக்ஸ்ங்கற சின்ன டைனோசரோட வால்ல செம்பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி பட்டை இருந்துச்சுன்னு அந்த வருஷம் சொன்னாங்க. அதே வருஷம் ஆங்கியோர்னிஸ், 2012ல மைக்ரோராப்டர்னு இன்னும் ரெண்டு இறகு டைனோசரோட நிறமும் தெரிஞ்சுது, மைக்ரோராப்டர் காக்கா இறகு வெயில்ல மினுக்கற மாதிரி பளபளக்கற கருப்பு. 2016ல சிட்டகோசாரஸ்ங்கற செடி தின்ற டைனோசர், முதுகு கருமை, வயிறு வெளுப்பு. வெலாசிராப்டருக்கு இந்த மாதிரி நேரடி ஆதாரம் எதுவும் இல்ல, ஆனா 2007ல அதோட முன்னங்கை எலும்புல இறகு ஒட்டற முடிச்சுகளை கண்டுபிடிச்சிட்டாங்க, அதனால செதில் தோல் மாதிரி பச்சையா அடிச்சு கொண்டு வந்தா நான் முதல்லயே வேணாம்னு சொல்லிடுவேன், எவ்ளோ நேர்த்தியா அடிச்சிருந்தாலும் சரி.

இந்த பெயிண்டர் எடுத்த ஐடியா ஆந்தை. முதுகு பூரா சாம்பலும் காப்பிக்கலரும் கலந்த புள்ளி, முகத்துல வெளுத்த வட்டம், கண்ணு ஆரஞ்சு. எனக்கு இது ரொம்ப பிடிச்சிருக்கு, காரணமும் இருக்கு. 2011ல கண்ணைச் சுத்தி இருக்கற எலும்பு வளையத்தை அளந்து பாத்த ஒரு ஆராய்ச்சி வெலாசிராப்டர் இருட்டுல வேட்டையாடி இருக்கலாம்னு சொல்லுது. ஆக ஆந்தை அழகுக்காக வந்ததில்ல, யோசிச்சு வந்தது. ஆனா வயித்துப் பக்கம் எனக்கு உடன்பாடில்ல. இது கோபி பாலைவனத்து மிருகம், 1923ல மங்கோலியாவுல ஃப்ளேமிங் க்ளிஃப்ஸ்ல தோண்டி எடுத்தது, அது வாழ்ந்தப்பவும் அந்த இடம் மணல் மேடுதான். மரம் இல்லாத வெட்ட வெளியில ஒளி மேல இருந்து நேரா விழும், அதனால அந்த மாதிரி இடத்து மிருகங்களுக்கு கருமையும் வெளுப்பும் சேர்ற கோடு விலாவுல கொஞ்சம் மேலயே, பளிச்சுன்னு வெட்டின மாதிரி இருக்கும். காட்டு மிருகத்துக்குத்தான் அது கீழ இறங்கி மெதுவா மங்கும். 2017ல சைனோசாரோப்டெரிக்ஸ் திறந்த வெளியில வாழ்ந்ததுன்னு சொன்னதே இந்த கோட்ட வெச்சுத்தான். இவரு காட்டு மிருகத்துக்கு அடிக்கற மாதிரி ஏர்பிரஷ்ல கீழ வரைக்கும் மென்மையா இறக்கிட்டாரு. போட்டோவுல அழகாத்தான் இருக்கு, பாலைவனத்துக்கு ஒட்டல.

கைவேலை. இறகு கோடுகள் அடையாம இருக்கறது பெரிய பாராட்டு, ஏன்னா ப்ரைமரும் (கலருக்கு முன்னாடி போடற அடிப்பூச்சு) கலரும் கெட்டியா விழுந்தா முதல்ல சாகறது சிற்பத்தோட நுணுக்கம்தான். மெல்லிசா அடுக்கடுக்கா அக்ரிலிக் போட்டு, குழியில கரும் வாஷ் (தண்ணியா கரைச்ச பெயிண்ட்) விட்டு, மேடு மேல ட்ரை ப்ரஷ், அதாவது பெயிண்ட் கிட்டத்தட்ட காஞ்ச பிரஷ், இழுத்திருக்காரு. கண்ணுலயும் வாயிலயும் மட்டும் பளபளக்கற க்ளாஸ், உடம்பு பூரா பளபளப்பில்லாத மேட். கால்ல ரெண்டாவது விரல்ல இருக்கற அந்த அரிவாள் நகம் அடியில சாம்பல், நுனியில கருப்பு. நகத்தை கலர் இல்லாம விட்டுடறது மலிவு பொம்மைகள்ல சகஜம், இங்க ஒவ்வொரு நகமும் செஞ்சிருக்கு.

ஜாயின்ட்தான் அடி வாங்குது. கழுத்தையும் தாடையையும் அசைச்சா ஒண்ணும் ஆகல, அங்க உரசற இடத்துல பெயிண்ட் ரொம்ப மெல்லிசு. இடுப்புல காலை முன்னாடி கொண்டு வந்தா உள் தொடையில ஃபேக்டரி கலர் கீத்து கீத்தா தெரியுது. பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி கால கழட்டி, உரசற விளிம்பை சாண்ட் பேப்பர்ல கொஞ்சம் தேச்சு இடைவெளி விட்டிருக்கணும், அது செய்யல. ஆக்‌ஷன் ஃபிகர்ங்கற பேருக்கு அர்த்தமே அசையறதுலதானே, ஒரே போஸ்ல வெக்கறதுன்னா சிலையே வாங்கிக்கலாமே! விக்கறவங்க கிட்ட போட்டோ மட்டும் கேக்காதீங்க, கால மடக்கி நீட்டற வீடியோ கேளுங்க, குடுக்க மாட்டேன்னா விட்டுடுங்க.

இன்னொண்ணு வார்னிஷ். சில ஸ்ப்ரே வார்னிஷும் எனாமல் பெயிண்ட்டும் மெத்துன்னு இருக்கற பிவிசி பிளாஸ்டிக் மேல எத்தனை நாளானாலும் காயாது, பிளாஸ்டிக்ல இருக்கற மென்மையாக்கற கெமிக்கலோட சேந்து பிசுபிசுன்னு ஆயிடும், நம்ம ஊரு வெக்கையில தூசி வேற ஒட்டிக்கும், துடைச்சா போகாது. வாங்கினதும் வால் நுனியையும் இறகு விளிம்பையும் விரலால அழுத்திப் பாருங்க, அங்கதான் பிளாஸ்டிக் மெத்துன்னு இருக்கும். இதுல ஒட்டல, நிம்மதி. டைட் ஜாயின்ட்ட சுடுதண்ணியில முக்கி இளக்கற பழக்கம் நமக்கெல்லாம் உண்டு, ரீபெயிண்ட் பீஸ்ல அதை யோசிக்காம செய்யாதீங்க, பெயிண்ட் தூக்கிடும்.

விலை விஷயத்துல தெளிவா இருங்க. இது ஒரிஜினல் வெலாசிராப்டரா இனிமே விக்காது, பெயிண்டரோட வேலைன்னு சொல்லித்தான் விக்கணும், பெட்டி பத்திரமா இருந்தாலும் அதான் நிலைமை. அதை மறைச்சு அரிய ஃபேக்டரி வேரியன்ட்டுன்னு புதுசா வர்றவங்க தலையில கட்டறவங்களைப் பாத்தா எனக்கு நிஜமாவே கோவம் வருது, அது திருட்டு.

என் மார்க் பத்துக்கு ஏழரை. ஐடியாவுக்கும் இறகு வேலைக்கும் தாராளமா குடுத்துட்டேன், இடுப்புக்கு ரெண்டு போச்சு, வயித்துக் கோட்டுக்கு அரை. ஃபேக்டரி பீஸ் விலைக்கு மேல பாதி சேத்து கேட்டா குடுக்கலாம், டபுள் கேட்டா வேணாம்.