சாட்ஜிபிடிக்குக் குணம் இருப்பது நிரூபணமாகிவிட்டதா?

"சாட்ஜிபிடிக்கு மனோதத்துவத் தேர்வு வைத்தார்கள். மனிதரைவிட அன்பானது, பதற்றமே இல்லாதது என்று நிரூபணமாகிவிட்டது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இப்படித் தேர்வு வைப்பது உண்மைதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது 'பிக் ஃபைவ்' வினாத்தாள். புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனப்பதற்றம் என ஐந்து குணங்களை அளக்க மனிதர்களுக்காக உருவாக்கப்பட்டது அது.

2024-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இந்தக் கேள்விகளை ஏஐ மாடல்களிடம் (சாட்ஜிபிடி போன்றவற்றை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்கள்) தனித்தனியாகவும், வெவ்வேறு எண்ணிக்கையில் சேர்த்தும் கேட்டுப் பார்த்தார்கள். ஒன்றாகக் கொடுத்த கேள்விகள் கூடக் கூட, பதில்கள் 'நல்ல பிள்ளை' பக்கமே சாய்ந்தன. இது குணத்தேர்வு என்று மாடல் ஊகித்துவிடுகிறது! சாட்ஜிபிடியை இயக்கிய ஜிபிடி-4 மாடலில் இந்தச் சாய்வு 1.20 திட்ட விலக்கம். நூறு பேர் வரிசையில் நடுவில் நின்றவர் திடீரென்று 88 பேரைத் தாண்டி நிற்பது போன்றது இது. கேள்வி கேட்கும் விதத்தை மாற்றினாலே இவ்வளவு நகரும் மதிப்பெண்ணை நிலையான குணம் என்று எப்படி ஏற்பது?

சரி, இந்த ஆய்வுகளே வீணா? இல்லை. கூகுள் டீப்மைண்ட், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், சில பெரிய மாடல்களின் பதில்கள் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருந்தன. ஆனால் கொடுக்கும் கட்டளையை மாற்றி அதே மாடலைக் கூச்ச சுபாவியாகவோ கலகலப்பானதாகவோ பேசவைக்கவும் அவர்களால் முடிந்தது. அப்படியென்றால் அளக்கப்படுவது பேச்சின் சாயல். அந்தச் சாயலை நம்பி மனக்கஷ்டத்தைக் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இந்தச் செய்தி எனக்குக் கவலை தருகிறது.