அப்பாயியின் கையில் ஓர் அட்டை

போன வாரம் எங்கள் கடைக்கு வந்த அண்ணன் ஒருவர், மேஜையில் கிடந்த என் படத்தை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார். "கை நல்லா ஓடுது தம்பி. ஆனா எங்கேயோ வெள்ளைக்காரர் எழுதுன கதை ஆளுங்களையே எத்தனை நாளைக்கு வரைவ? சொந்தமா ஏதாவது பண்ணு" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அந்த நேரத்தில் ரெண்டு காதுகுத்து பேனர் பிரிண்டில் ஓடிக்கொண்டிருந்தது, பதில் சொல்ல முடியவில்லை. ராத்திரி படுத்தபிறகும் அதே நினைப்பு. அதனால் இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வந்திருக்கும் நண்பர்களுக்காக: நான் மன்னார்குடியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனர். பகல் முழுக்க கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும்தான். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் இங்கிலாந்து எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல்களில் வருகிறவர்களை வரைய உட்காருவேன்.

அந்த நாவல்கள் நடக்கிற உலகம் இப்படி: ஒரு பெரிய ஆமை விண்வெளியில் நீந்திப் போகிறது. அதன் முதுகில் நான்கு யானைகள். யானைகளின் மேல் தட்டு மாதிரி ஓர் உலகம். கூர்ம அவதாரமும் திக்கஜங்களும் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அந்நியமான படம் இல்லை. 1983-இல் முதல் நாவல் வந்தது. மொத்தம் 41 நாவல்கள். பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு வரும், ஆனால் அந்த மனிதர் யாரையும் கேவலப்படுத்திச் சிரிக்க மாட்டார். அதுதான் என்னை உள்ளே இழுத்தது.

எனக்கு முதலில் கிடைத்தது 'ரீப்பர் மேன்'. 1991-இல் வந்த நாவல். திருச்சியில் ஒரு பழைய புத்தகக் கடையில், முன் அட்டை கிழிந்த பிரதி. இங்கிலீஷ் எனக்கு மெதுவாகத்தான் ஓடும், பத்துப் பக்கத்துக்கு ஒரு நாள் ஆனது. அதில் மரணமே ஒரு பாத்திரம். கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடு. அவருக்கு வேலை போய்விடுகிறது. போனதும் ஒரு கிராமத்துக்கு வந்து, மிஸ் ஃபிளிட்வொர்த் என்ற வயதான அம்மாவின் பண்ணையில் அறுவடைக்குக் கூலியாளாகச் சேர்கிறார். ஒவ்வொரு தாளாகத்தான் அறுக்கிறார். எல்லாத் தாளையும் ஒன்றாகச் சேர்த்து வீச அவருக்கு மனசு வராது. ஒவ்வொரு உயிரையும் தனித்தனியாகப் பார்த்துப் பழகியவர் அவர். அப்புறம் அந்த ஊருக்கு அறுவடை மிஷின் வருகிறது. ஒரே இழுப்பில் வயலையே வழித்துக்கொண்டு போகிற மிஷின்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தான். எங்கள் வயலில் தை மாசம் சம்பா அறுப்புக்கு முதல் முறை பெல்ட் மிஷின் இறங்கிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. வரிசையாக நின்று அறுக்கிற பெண்கள் அன்றைக்கு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. ஒரு அம்மா கருக்கரிவாளை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகியபடியே நின்றார். இங்கிலாந்துக்காரர் ஒருவர் எழுதிய கதையில், அந்த மிஷினைப் பார்த்து மரணம் நிற்கிற நிற்பை நான் வரைந்தபோது என் கண் முன்னால் இருந்தது அந்த அம்மாதான்.

அதற்காக மரணத்துக்கு வேட்டி கட்டி, கையில் கருக்கரிவாள் கொடுத்து வரைந்தேனா என்றால், இல்லை. நம் ஊர் உடுப்பை மாட்டிவிட்டால் பாத்திரம் நம்முடையதாகிவிடும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. அந்தக் கதையில் அவர் வைத்திருப்பது நீளக் காம்பு போட்ட அரிவாள், நின்றபடியே இடுப்பைத் திருப்பி வீசுவது. நம் அரிவாள் குனிந்து, இடக்கையால் தாளைப் பிடித்து அறுப்பது. முதலில் வரைந்த படத்தில் இரண்டையும் குழப்பிவிட்டேன். உடம்பு குனிந்திருந்தது, கையில் நீளக் காம்பு இருந்தது. பார்த்தாலே பொய் தெரிந்தது. அப்புறம் வீடியோக்களைப் பார்த்து முதுகு எப்படி நிமிர்ந்து நிற்கிறது, எந்தக் கால் முன்னால் போகிறது என்று கற்றுக்கொண்டு திரும்ப வரைந்தேன். பிராட்செட்டின் கதையில் இருப்பதை அவருக்கே விட்டுவிட வேண்டும். நான் என் பங்குக்குக் கொண்டு வருவது பார்வையைத்தான். தை மாசச் சாயங்கால வெயில், காற்றில் பறக்கிற வைக்கோல் தூசு, நாள் முழுக்க வேலை செய்த உடம்பு வரப்பில் உட்காருகிற விதம்.

எமன் மாதிரி எருமை மேல் ஏற்றலாமே என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஸ்ரீவாஞ்சியத்தில் எமனுக்குத் தனிச் சன்னதி உண்டு, அவரை வணங்கிவிட்டுத்தான் உள்ளே போவது வழக்கம். திருக்கடையூரில் மார்க்கண்டேயனுக்காகக் காலனைச் சிவன் உதைத்த கதை. நம் எமன் நியாயம் பார்ப்பவர், பாசக்கயிறு வீசுபவர். பிராட்செட்டின் மரணம் யாரையும் பிடித்து இழுப்பதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை. நேரமானதும் வந்து பக்கத்தில் நிற்பார். வெள்ளைக் குதிரை ஒன்று வைத்திருக்கிறார், அதன் பெயர் பிங்கி. பூனை என்றால் உயிர். இரண்டு பேரையும் ஒன்றாக்கினால் இரண்டு பேருக்கும் நாம் செய்கிற அநியாயம் அது.

மண்டையோட்டுக்கு முகபாவம் கொண்டு வருவது லேசு இல்லை. புருவம் கிடையாது, உதடு கிடையாது, கண்ணுக்குழியில் ரெண்டு நீலப் பொட்டு வெளிச்சம் மட்டும். ஒரு ராத்திரி முழுக்க இருபது தலை வரைந்தேன், இருபதும் ஒரே மாதிரி இளித்துக்கொண்டு நின்றன. கடைசியில் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தேன். எங்கள் அப்பா ரேடியோவில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று கேட்கும்போது ஒரு பக்கமாகத் தலையைச் சாய்ப்பாரே, அந்தச் சாய்வு. சட்டென்று அந்த மண்டையோடு யாரோ சொல்வதைக் கவனமாகக் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது.

அவர் பேச்சு இன்னொரு சிக்கல். மூலத்தில் மரணம் பேசுவதெல்லாம் பெரிய எழுத்தில்தான் அச்சாகியிருக்கும், மேற்கோள் குறிகூட இருக்காது. தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? ஃபாண்டைத் தடிப்பாக்கினால் பேனர் மாதிரி ஆகிவிடுகிறது. தினமும் பேனர் செய்கிறவனுக்கு அது பிடிக்குமா? தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போயிருந்தபோதுதான் வழி கிடைத்தது. கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. 'நேரம் வந்துவிட்டது' என்பதில் புள்ளிகளை எடுத்துவிட்டால் 'நேரம வநதுவிடடது' என்று நிற்கிறது. படிக்கிறவர் ஓர் அடி தடுக்கி, அப்புறம் புரிந்துகொள்வார். கல் பேசினால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. இப்போது என் படங்களில் மரணம் புள்ளியில்லாமல்தான் பேசுகிறார்.

சரி, கிரானி வெதர்வாக்ஸுக்கு வருகிறேன். எனக்கு எல்லோரையும் விட நெருக்கமானவர் அவர்தான்.

மலைநாட்டுச் சூனியக்காரக் கிழவி. கறுப்புத் தொப்பி, கனமான பூட்ஸ், இழுத்துக் கட்டிய கொண்டை. ஊரே அவரை மதிக்கும், பயப்படும். பிரசவமா, சாவா, நடு ராத்திரியில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். மந்திரத்தை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதுதான் அவருக்குப் பெரிய வித்தை. அவர் படுத்த இடத்திலிருந்தே தன் மனசை ஒரு ஆந்தைக்குள்ளோ ஒரு தேனீக் கூட்டத்துக்குள்ளோ அனுப்பிவிடுவார். அப்போது உடம்பு கட்டையாகக் கிடக்கும். யாராவது பார்த்துச் செத்துவிட்டார் என்று தூக்கிவிடக் கூடாதே என்று கையில் ஓர் அட்டை பிடித்திருப்பார். தான் சாகவில்லை என்று அதில் அவரே எழுதியிருப்பார், எழுத்துப்பிழையோடு.

கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்தது. கடையும் திறக்கவில்லை. அப்போதுதான் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு கிரானி வருகிற நாவல்களைப் படித்தேன். பகலில் திண்ணையில் உட்கார்ந்து வரைந்தேன். பக்கத்தில் எங்கள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, படுத்திருக்கும். அசையாமல், மல்லாந்து, நெஞ்சின் மேல் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு. சின்னப் பிள்ளையில் நாங்கள் பயந்துபோய் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்போம். கண்ணைத் திறக்காமலே சொல்லும்: "இன்னும் சாவலடா, போங்க."

அந்த மத்தியானம் நான் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறேன், மடியில் கிரானியின் கதை, எதிரில் அப்பாயி. வேறு யாருடைய கையை நான் வரைவேன்? நடவு நட்டுத் தடித்த விரல் கணு, ஒரு பக்கமாக வளைந்த கட்டைவிரல், புறங்கையில் எழும்பி ஓடுகிற நரம்பு. தொப்பியும் பூட்ஸும் கிரானிக்குச் சொந்தம், அப்படியே இருந்தன. கை மட்டும் எங்கள் வீட்டுக் கை.

அட்டையில் என்ன எழுதுவது என்று ரெண்டு நாள் யோசித்தேன். இங்கிலீஷ் பிழையை இங்கிலீஷிலேயே விட்டால் அந்தக் கிழவி நம்மோடு பேச மாட்டார். சரியான தமிழில் எழுதினால் அது அவர் கையெழுத்தே இல்லை. ணகரமும் னகரமும், லகரமும் ளகரமும் தடுமாறுகிற நம் பிழைதான் வேண்டும் என்று முடிவு செய்து, 'நாண் இண்ணும் சாகள' என்று எழுதினேன். எழுத்துக் கூட்டி எழுதத் தெரிந்த, ஆனால் யாரும் தன்னைத் திருத்துவதை விரும்பாத ஒருவரின் எழுத்து அது. நான் வரைந்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இன்றைக்கும் அந்த நாலு அங்குல அட்டைதான்.

மறு வருஷம் அப்பாயி போய்விட்டது. கண்ணீர் அஞ்சலி நான்தான் டிசைன் செய்தேன். வீட்டில் இருந்தது ரேஷன் கார்டு போட்டோ ஒன்றுதான். என் வேலையில் இது தினமும் நடக்கிறது. கல்யாண குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கிற பாட்டியைக் காட்டி, "இவங்கள மட்டும் பெருசா எடுத்துக் கொடுங்க தம்பி" என்பார்கள். பக்கத்தில் நிற்பவரின் தோளை வெட்டி எடுத்துவிட்டு, புள்ளி புள்ளியாக உடைந்த முகத்தைப் பெரிதாக்கித் தருவேன். எழுபது, எண்பது வருஷம் உழைத்தவர்களுக்கு ஒரு நல்ல படம் கிடையாது. எங்கள் அப்பாயியின் கை இருக்கிற ஒரே படம், நான் வரைந்த கிரானி படம்தான்.

அண்ணே, 'சொந்தமா' என்று நீங்கள் கேட்டதற்கு இதையும் சொல்ல வேண்டும். சுவாமிமலையில் ஸ்தபதிகள் தென்னை ஓலையை மடித்து அளவெடுத்து, மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, அதே நடராஜரைத்தான் தலைமுறை தலைமுறையாக வார்க்கிறார்கள். பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதில் சுந்தரர் யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகிறார்கள். அந்த ஓவியர் அந்தக் கதையை உண்டாக்கவில்லை. ஊருக்கே தெரிந்த, ஊரே நேசித்த கதையைச் சுவரில் வரைந்தார். அவரைப் போய் நாம் 'சொந்தமா ஏதாவது பண்ணு' என்று சொல்லியிருப்போமா?

டிஸ்க்வேர்ல்டிலேயே பாருங்கள். ஆரம்ப நாவல்களுக்கு அட்டை வரைந்தவர் ஜோஷ் கிர்பி. டூஃப்ளவர் என்ற கண்ணாடி போட்ட பாத்திரத்தைக் கதையில் 'நாலு கண்' என்று சொல்வதை வைத்து, அவர் நிஜமாகவே நாலு கண் வரைந்துவிட்டார். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எந்தப் பையனும் அதைச் சரியாகப் புரிந்துகொண்டிருப்பான்! கிர்பி 2001-இல் இறந்தார். அடுத்த வருஷத்திலிருந்து நாவல்களுக்கு அட்டை வரைந்த பால் கிட்பி, முதலில் ஒரு வாசகராகப் படித்து, பிடித்துப்போய் வரைந்து, அந்தப் படங்களை பிராட்செட்டிடமே கொண்டுபோய்க் கொடுத்தவர். இன்றைக்கு உலகம் முழுக்க கிரானி என்றால் கிட்பி வரைந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது. ஆசைக்கு வரைந்த ஒருவரின் கையிலிருந்துதான் அது தொடங்கியது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். இந்தப் படங்களை விற்க மாட்டேன். டி-ஷர்ட் போடலாமா என்று ஒருவர் கேட்டார், முடியாது என்றேன். பாத்திரங்கள் பிராட்செட்டுடையவை. 2007-இல் அல்சைமர் வகை நோய் என்று தெரிந்தபிறகும், தட்டச்சு செய்ய முடியாமல் போனபிறகும், வாயால் சொல்லிச் சொல்லி நாவல் எழுதிய மனிதர். 2015 மார்ச் 12-இல் 66 வயதில் போனார். அவர் உழைப்பை வைத்து நான் காசு பார்க்கக் கூடாது. அதே நியாயத்தில்தான் சொல்கிறேன்: போன மாதம் யாரோ என் கிரானி படத்தை எடுத்து, கீழே இருந்த கையெழுத்தை வெட்டிவிட்டு, ஏஐ செய்தது என்று போட்டிருந்தார்கள். ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்தக் கட்டைவிரல் வளைவை எந்த மிஷினும் பார்த்ததில்லை. அதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைப் பெரிதாகத் திரும்ப வரைந்தேன். அண்ணன் கடையில் பார்த்தது அதைத்தான். முடித்ததும் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். தொப்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அட்டையை வாய்விட்டுப் படித்துச் சிரித்தார். அப்புறம் விரலால் தொட்டுக் காட்டி, "அத்தைக்கு எப்பவும் இடது கைதான்டா மேல இருக்கும். நீ வலது கைய மேல போட்டிருக்க" என்றார்.

இன்று ராத்திரி அந்தக் கையை மாற்றி வரையப் போகிறேன். அண்ணே, கடைப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், ஒரு பிரிண்ட் எடுத்துத் தருகிறேன்.