கொடி சிக்கினால் கச்சான் காற்றைத் திட்டாதீர்கள்

ஆகஸ்ட் 15 காலையில் நம் கரையோர ஊர்களில் அடிக்கடி நடக்கும் கூத்து இது. சிறப்பு விருந்தினர் கயிற்றை இழுப்பார். கொடி உச்சிக்குப் போய்ப் பொட்டலமாகவே தொங்கும். இன்னொரு இழுப்பு, இன்னும் இறுகும். பிள்ளைகள் சல்யூட் அடித்த கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பார்கள். "கச்சான் காத்து சார்" என்று யாராவது சமாளிப்பார். காற்றுக்கு என்ன தெரியும்? கட்டியது நாம்தானே.

ஏர்வாடி சந்தனக்கூடு, கோயில் திருவிழா, மாதா திருவிழா என்று கொடியேற்றத்திலேயே வளர்ந்த கரை இது. கப்பியும் கயிறும் தெரிந்த ஆட்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை முந்தின நாள் கூப்பிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி, நாள் மாறிப் போவது. ஜனவரி 26-க்குக் கொடி ஏற்கெனவே உச்சியில் கட்டியிருக்கும். அவிழ்ப்பது மட்டும்தான் சடங்கு. ஆகஸ்ட் 15-க்கு அடியிலிருந்து ஏற்ற வேண்டும். அந்நியக் கொடி இறங்கிய இடத்தில் நம் கொடி ஏறியதன் நினைவு அது. தமிழில் இரண்டுக்கும் 'கொடியேற்றம்' என்றே சொல்கிறோம், அதனால் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். என் கருத்து: ஆகஸ்ட் 15-க்குப் பொட்டலமே வேண்டாம். விரித்த கொடியை விறுவிறுவென்று ஏற்றுங்கள். ஏற்றும்போது வேகமாக, இறக்கும்போது நிதானமாக என்றுதான் கொடி விதியும் சொல்கிறது. முடிச்சு இல்லாத இடத்தில் சிக்கலுக்கு என்ன வேலை?

பூ விழுந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு: பூ வைப்பதை விதி தடுக்கவில்லை. ஆனால் காய்ந்த ரோஜா இதழ் ஒரு கைப்பிடி போதும். ஈர மல்லிகை துணியோடு ஒட்டிக்கொள்ளும், கறையும் விடும். கொடியை நீளவாக்கில் மடித்து, பறக்கும் முனையிலிருந்து கயிற்றுப் பக்கமாகச் சுருட்டுங்கள். கயிற்றை இரண்டே சுற்று. கடைசியில் கயிற்றை மடக்கி வளையமாகச் செருக வேண்டும். நுனி முழுசாக உள்ளே போய்விட்டால் அது சுருக்கு அல்ல, நிஜ முடிச்சு. பருத்திக் கயிறென்றால் இரவே கட்டி வைக்காதீர்கள், பனியில் ஊறி இறுகிவிடும். நைலான் வழுக்கும், பாதி வழியிலேயே அவிழ்ந்துவிடும். எதுவானாலும் தரையில் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு மேலே அனுப்புங்கள்.

இரும்புக் கப்பி உப்புக் காற்றில் ஒரு வருடத்தில் துருவேறி நின்றுவிடும். முந்தின நாளே கிரீஸ் போட்டு, வெறும் கயிற்றை ஓட்டிப் பாருங்கள். கொடி தலைகீழாகப் போவது அவசரத்தில்தான். கதர்க் கொடியில் மரக்கட்டை கோத்த முனை காவிப் பக்கம், அதுதான் மேலே. நீளமும் அகலமும் 3:2. பள்ளிக் கம்பத்துக்கு 900-க்கு 600 மில்லிமீட்டர் தாராளம். பெரிய கொடி கச்சானில் படபடத்துப் பறக்கும் முனையிலிருந்து கிழியும்.

மேடைப் பேச்சுக்கும் ஒரு வேண்டுகோள். செங்கோட்டையில் நேரு முதலில் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 16-ல், 15-ல் அல்ல. நம் முதலமைச்சர் சென்னைக் கோட்டையில் கொடியேற்றும் வழக்கமும் 1974-ல் கலைஞர் கேட்டு வாங்கியது, அதுவரை ஆளுநர்தான். எல்லாவற்றையும் விட, 1942 ஆகஸ்டில் திருவாடானைச் சிறையை மக்களே உடைத்து, விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை மீட்டார்கள். தண்டி யாத்திரை சொல்லும் பிள்ளைக்குப் பக்கத்துத் தாலுகாவில் நடந்த இது தெரியாது. அதற்கு ஐந்து நிமிடம் கொடுங்கள், விருந்தினர் புகழ்ச்சியில் கழித்துக்கொள்ளலாம்.

2022 ஜூலையிலிருந்து இரவிலும் கொடி பறக்கலாம். ஆனாலும் கடலோரத்தில் இறக்கிவிடுவதே நல்லது, ஈர உப்பு நூலைத் தின்றுவிடும். கிழிந்த கொடியைக் குப்பையில் போடாமல், கூட்டம் கூட்டாமல், தனியாக வைத்து முழுசாக எரித்துவிடுங்கள்.